ஜரிகைக் குடை

"வெயில் பொசுக்கறது மாமா, நீங்க வீட்டுக்குப் போங்கோ" என்றாள் கல்லூரி மாணவி மஹதி.

மண்டி மொஹல்லா கடைத்தெருச் சந்தில் இருந்த அந்த வங்கியின் வாசலில், 'நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கடன் கொடுக்காதே' என்ற அட்டைகளோடு கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், ஜரிகை வைத்த பழைய குடையைப் பிடித்தபடி வெங்கடசுப்ரமணியன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்.

"பூமியே கொதிக்கறது, எனக்கென்னம்மா? நாளைக்கு எங்க பென்ஷன்காரா எல்லாரையும் அழைச்சிண்டு வரேன்."

அழைத்து வந்தார். அத்தனை பேரும் டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டதும் மேனேஜர் ஆடிப்போனார். அந்த வாரமே, சுரங்கத்துக்குக் கடன் கிடையாது என்று வங்கி அறிவித்தது.

பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள்.

"எல்லாம் உங்களாலதான் மாமா! பூமி மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறையா?"

அவர் பார்வை வங்கி வாசலிலேயே இருந்தது. வங்கியிலிருந்து சுரங்க முதலாளி நிகில் தொங்கிய முகத்தோடு வெளியே வந்தான். அவன் கார் அந்தச் சந்துக்குள் நுழையாது. வெயிலில் நடந்துதான் போகவேண்டும்.

வெங்கடசுப்ரமணியன் எழுந்துபோய்க் குடையை அவனிடம் நீட்டினார். அதைப் பார்த்ததும் நிகில் ஓரடி பின்வாங்கினான்.

"அடையாளம் தெரியறதா மாப்பிள்ளே? கல்யாணத்தன்னிக்கு இதைப் பிடிச்சிண்டு காசிக்குக் கிளம்பினேள். 'போகாதேங்கோ, என் பொண்ணைத் தரேன்'னு கெஞ்சித் திருப்பி அழைச்சிண்டு வந்தேன். அப்புறம் அவளைத் துரத்தினப்போ, பெட்டியோட இந்தக் குடையையும் தெருவில வீசினேள்."

குடையை அவன் கையில் திணித்தார்.

"இப்போ தாராளமா காசிக்குப் போங்கோ. நான் தடுக்கமாட்டேன்."