இரண்டு முழம் மல்லி

"கையை எடுங்க! பூ வர்ற வரைக்கும் ஒருத்தரும் அவரைத் தூக்கக் கூடாது!"

பாடையைத் தோளுக்கு ஏற்றப்போன நாலு பேரும் அப்படியே நின்றார்கள். சம்பூர்ணம் குறுக்கே பாய்ந்து மூங்கிலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, பொழுது சாயுது. இருட்டறதுக்குள்ள பாலாத்தங்கரைக்குப் போய்ச் சேரணும்" என்றான் கன்னியப்பன், இறந்துபோன சுப்பராயனின் தம்பி. "சாமந்தி, துளசி, கனகாம்பரம்னு கழுத்து நெறைய மாலை கெடக்குது. இன்னும் இன்னா கொறைச்சல்?"

"மல்லி இல்ல."

"மார்கழி மாசத்துல மல்லிக்கு எங்க போறது?"

"பாஷா அண்ணன் போயிருக்காரு. குடியாத்தம் பக்கம் ஒரு தோட்டத்துல கெடைக்குமாம். காஞ்ச மாசத்துலகூட ரெண்டு மொட்டாவது இல்லாம அவரு இந்த வாசப்படி ஏறினதில்ல. பூ இல்லாம எறங்கவும் வேணாம்."

ஆம்பூரில் அந்த மல்லியைத் தெரியாதவர்கள் கிடையாது.

வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்ந்து, பிரான்ஸ் சண்டையில் கோவேறு கழுதை ஓட்டிவிட்டு, 1919-ல் ஊர் திரும்பியவர் சுப்பராயன். இரண்டே குழி வெட்டித் தோல் ஷாப்பு ஆரம்பித்தார். பதினாறு வருஷத்தில் அங்கே நாற்பது பேர் தோல் பதனிட்டார்கள். மூன்று நாள் ஜுரம் எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

"மவராசன்!" தோல் அலசும் ரங்கம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். "பரிசோதனைக்கு வந்த துரை மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடினான். எங்க முதலாளி சுண்ணாம்புக் குழி ஓரமா எங்களோட குந்திக்கினு இட்லி துன்னாரே! ஒரு நாள் மொகம் சுளிச்சதில்லையே!"

"பொண்ணு மொதமொதல்ல கொழம்பு வச்சி அடி புடிச்சிப் போச்சு. தெருமுனை வரைக்கும் தீஞ்ச வாடை" என்றாள் சம்பூர்ணம். "உள்ள நுழையறப்பவே, 'கமகமன்னு இருக்குதே, யாரு சமையல்'னாரு. ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னாரு. அப்படி ஒரு பாசம்."

மூலையில் சுருண்டிருந்த மகள் அமிர்தவள்ளி விம்மினாள்.

"தறிக்காரங்க வீட்டுல பொறந்தவ நான். வாக்கப்பட்டு வந்த மொத வாரம் இந்தத் தோல் வாடை தாங்காம சோறு எறங்கல. மறைச்சி மறைச்சி அழுதேன். கண்டுபுடிச்சிட்டாரு. அன்னிக்கு சாயங்காலமே ரெண்டு முழம் மல்லி. என் தலையில வச்சி, மூக்கைப் பதிச்சி, 'இப்ப பாரு, தோல் வாடை போன எடம் தெரியல'ன்னாரு. அதுலேர்ந்து தெனமும் ஒவ்வொண்ணு சொல்லுவாரு. 'மழையில நனைஞ்சது, வாசம் கம்மி'ம்பாரு. 'இன்னிக்குத் தலையே கிறுகிறுங்குது'ம்பாரு. மல்லி வாசம்னா அவருக்கு உசுரு. அத மோந்துட்டுத்தான் போவணும்."

நாளையிலிருந்து தனக்கும் பூ இல்லை என்பதை அவள் சொல்லவில்லை.

தெருவில் ஜட்கா வண்டி வந்து நின்றது. மஹபூப் பாஷா இறங்கி ஓடிவந்தார். கடைத்தெருவில், தோல் பதனிடப் போடும் ஆவாரம்பட்டைக்கு மண்டி வைத்திருப்பவர். சுப்பராயனோடு ஒரே கம்பெனியில் பட்டாளத்தில் இருந்தவர். கையில் ஈர வாழையிலைப் பொட்டலம்.

பாடை அருகே வந்து பொட்டலத்தைப் பிரித்தார். சரத்தை எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதைத் தன் மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"யோவ் பாய்!" கன்னியப்பன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். "இன்னா காரியம் பண்ணீங்க! தெய்வமாப் போறவருக்குப் போடற பூவை மோந்துட்டீங்களே! மோந்த பூவை யாராவது சாத்துவாங்களா? தூரப் போடுங்க அத!"

"ஐயோ அண்ணே!" சம்பூர்ணத்தின் குரல் உடைந்தது. "இருந்தது இது ஒண்ணுதானே! எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?"

பாஷா சரத்தைச் சட்டென்று மூக்கிலிருந்து விலக்கினார். "தெரியும் தங்கச்சி. வேணும்னு பண்ணல. பழக்கம்... கை தானா போயிடுச்சி."

"பொணத்துக்குப் போடற பூவை மோந்து பாக்கறது இன்னா பழக்கம்?" கன்னியப்பன் விடவில்லை. "குடுங்க இப்படி!" என்று சரத்தைப் பிடித்து இழுத்தான்.

பாஷா விடாமல் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நண்பனின் முகத்தை ஒரு நொடி பார்த்தார்.

"மன்னிச்சிடுடா தோஸ்த். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். ஆனா இவங்க உன் பூவையே தூரப் போடச் சொல்றாங்களே" என்றவர் சம்பூர்ணத்திடம் திரும்பினார். "தெனமும் பூக்கடையில வாங்கினதும் நேரா என் மண்டிக்குத்தான் வருவான் தங்கச்சி. பூவை என் மூக்குக்கிட்ட நீட்டுவான். 'மோந்து பாத்து சொல்லுடா, இன்னிக்கு எப்படி இருக்குது'ம்பான். நான் சொல்றதை முணுமுணுத்துக்கிட்டே வீட்டுக்கு நடப்பான்."

"எதுக்கு? அவரே மோந்து பாக்க மாட்டாரா?"

"பிரான்சுல விஷப்புகை அடிச்ச அன்னிக்கே அவன் மூக்கு செத்துப் போச்சும்மா. அவனுக்குத் தோல் வாடையும் தெரியாது, மல்லி வாசமும் தெரியாது."

கன்னியப்பனின் பிடி தளர்ந்தது.

சம்பூர்ணம் குனிந்து புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூங்கிலைப் பிடித்திருந்த கைகளை எடுத்துவிட்டு, விலகி பாஷாவுக்கு வழிவிட்டாள்.

"இன்னிக்கு எப்படி இருக்குதுன்னு அவரு காதுல சொல்லிடுங்க அண்ணே."