இரண்டாவது பல்

துளை போடும்போது பல்லின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சூடேறினால் விரிசல் விட்டுவிடும்.

ராய்ஸ் துளைக்கருவியை மெதுவாக இறக்கினார். கராஜ் முழுக்கப் பல் டாக்டர் கிளினிக் வாசனை.

எதிரே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் நோரீன் உட்கார்ந்திருந்தாள். தம்பி லைலின் மனைவி. லைலை அடக்கம் செய்து ஆறு வாரம் ஆகிறது.

"இந்த ஊர்ல எல்லாப் பொம்பளைங்க கழுத்துலயும் புருஷன் அடிச்ச எல்க் மானோட பல்லு தொங்குது," என்றாள். "எனக்கு மட்டும் புருஷனோட அண்ணன் அடிச்சது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ராய்ஸும் சிரித்தார்.

ஒரு எல்க்குக்கு இரண்டே இரண்டு தந்தப் பற்கள்தான். மற்றதெல்லாம் வெறும் பல். கல்யாணத்துக்கு முன்னால் அடித்த ஒரு பெரிய ஆண் எல்க்கின் ஒரு பல், இருபத்தாறு வருஷமாக ராய்ஸின் மனைவி கார்லாவின் மோதிரத்தில் இருக்கிறது. இன்னொன்றை யார் கேட்டும் அவர் கொடுத்ததில்லை. நடுவில் வெளுப்பு, ஓரமெல்லாம் தேன் நிறம். அப்படி ஒரு பல் அதற்குப் பிறகு அவர் கைக்கு வரவே இல்லை.

அதைத்தான் இன்று நோரீனுக்கு எடுத்தார். "உனக்குப் பெரிய மனசு" என்று கார்லா காலையில் கன்னத்தில் முத்தமிட்டிருந்தாள்.

அந்த எல்க்கை அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் சுட்டார்கள். இரண்டு துப்பாக்கியும் ஒரே நேரத்தில் வெடித்தன. ஆனால் உடம்பில் ஒரே ஒரு காயம்.

தோலை உரித்தது லைல். மறுபக்கத் தோளுக்கு அடியில் கையை விட்டுக் குண்டைத் தேடிக் கொஞ்ச நேரம் துழாவினான். பிறகு நிமிர்ந்தான். "உன் குண்டுதான் ராய்ஸ். நான் வானத்தைச் சுட்டிருக்கேன்."

ராய்ஸுக்கு அந்த டிசம்பரில் கல்யாணம். தானே அடித்த எல்க்கின் பல்லில்தான் மோதிரம் என்று கார்லாவின் அப்பாவிடம் வாயை விட்டிருந்தார்.

குண்டைக் காட்டு என்று ராய்ஸ் தம்பியிடம் கேட்கவில்லை.

ஊருக்கு அந்த ஒரு பேச்சு போதும். "என்ன லைல், மேலேர்ந்து ஏதாச்சும் விழுந்துச்சா?" காபிக் கடையில், பெட்ரோல் பங்க்கில், சர்ச் வாசலில். ஆரம்பித்து வைத்தது ராய்ஸ்தான். லைல் தொப்பியைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்ப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அதன் பிறகு அவன் ஒரு எல்க்கும் அடிக்கவில்லை. வேட்டைக் கூடாரத்தில் பீன்ஸ் வேகவைக்க மட்டும் வருஷம் தவறாமல் வந்தான்.

"இதையும் பல்லோட சேர்த்துக் கோத்துத் தர முடியுமா?"

நோரீன் கோட்டுப் பையிலிருந்து பஞ்சில் சுற்றிய எதையோ எடுத்து மேஜை மேல் வைத்தாள். பஞ்சைப் பிரித்தாள்.

ஒரு குண்டு. தலை காளான் மாதிரி விரிந்திருந்தது. அடிப்பக்கம் மட்டும் உருக்குலையவில்லை.

"அவரோட ஷேவிங் டப்பாவுக்கு அடியில இருந்துச்சு. எதுக்கு வெச்சிருந்தாருன்னே தெரியல. அவருதான் எதையுமே அடிச்சதில்லையே."

பல்லை அளக்கிற வெர்னியர் பக்கத்திலேயே இருந்தது. ராய்ஸ் குண்டின் அடிப்பக்கத்தை அதில் பிடித்தார். அவர் துப்பாக்கிக் குண்டின் விட்டம், அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால், முந்நூற்று எட்டு. லைலுடையது இன்னும் ஒல்லி, இருநூற்று எழுபத்தேழு.

இருநூற்று எழுபத்தேழு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை அளந்தார்.

"யாரோடது அது?" என்றாள் நோரீன்.

உள்ளே சமையலறையில் கார்லா ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். ராய்ஸ் வெர்னியரைக் கீழே வைத்தார். இருபத்தாறு வருஷத்தை எந்தப் பக்கத்திலிருந்து பிரிக்க ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்னோடதுதான்," என்றார். "அந்த எல்க்ல இருந்தது."

நோரீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாருங்களேன்! உங்க குண்ட இத்தன வருஷம் பஞ்சுல சுத்தி வெச்சிருந்திருக்காரு. உங்க மேல அந்த மனுஷனுக்கு அவ்வளவு உசிரு."

குண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள்.

"அப்ப இது உங்ககிட்டதான் இருக்கணும்."

அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பல்லுக்கு வெள்ளித் தொப்பி வைத்து, வளையம் மாட்டி, சங்கிலியில் கோத்துக் கொடுத்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

நோரீன் ஜன்னல் கண்ணாடியில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பல்லை விரலால் தடவிக்கொண்டே வாசல் வரை போனவள் நின்றாள்.

"ராய்ஸ், ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது."

"கேளு."

"காஸ்பர்ல எங்க அக்கா வீட்டுக்குப் போறப்ப, அங்க யாராச்சும் கேட்டா, இது எங்க வீட்டுக்காரர் அடிச்சதுன்னு சொல்லிக்கட்டுமா? வெளியூர்ல மட்டுந்தான். இங்க சத்தியமா சொல்ல மாட்டேன்."

முகமெல்லாம் சிவந்துபோய், பதிலுக்காக நின்றாள்.

"சொல்லிக்கோ நோரீன்," என்றார் ராய்ஸ். "நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."