நடுவில் கொஞ்சம் ரசம்

நர்சிங் கோர்ஸில் வான்மதிக்கு அறவே பிடிக்காதது அந்த ஆன்லைன் டிஸ்கஷன் போர்டு. வாராவாரம் கொடுத்த தலைப்பில் எழுத வேண்டும். கூடவே, மற்ற மாணவர்கள் எழுதியதைப் படித்துப் பதிலும் போட வேண்டும். போட்டால்தான் மார்க்.

"ஒருத்தரும் படிக்கிறதில்லைங்க. இந்த வாரம் ப்ரூவ் பண்றேன் பாருங்க," என்றாள் கணவன் சபரியிடம்.

தலைப்பு, 'நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி?'

வளவளவென்று எழுதி, நட்ட நடுவில் மிளகு ரசம் வைக்கும் முறையைச் செருகிவிட்டாள்.

பாராட்டு குவிந்தது. 'ஆழமான சிந்தனை.' 'என் கண்ணைத் திறந்துவிட்டீர்கள்.' புரொபசர் முழு மார்க்கும் போட்டு, 'ஆதாரங்கள் வலுவாக உள்ளன' என்று வேறு எழுதியிருந்தார்.

"எது, சீரகமா?" என்றான் சபரி.

"சிரிக்காதீங்க. நாளைக்கு ஒருத்தர் நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாக்கூட, அருமையான கருத்துன்னுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிடுவாங்க. டீன்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணப் போறேன்."

துணைக்கு ஆள் வேண்டுமே. பக்கத்து ஊரான ஆலனில் இருந்த குமுதினிக்குப் போன் போட்டாள். வகுப்பில் இவளைத் தவிர இருந்த ஒரே தமிழ்ப் பெண், யாழ்ப்பாணத்துக்காரி.

விஷயத்தைச் சொல்லி, "ரசத்தைக்கூட ஒருத்தர் கவனிக்கலை குமுதினி," என்று முடித்தாள்.

"நான் வாசிச்சனான் அக்கா. புளி கொஞ்சம் கூடிப்போச்சு."



"அப்புறம் ஏன் சொல்லலை?"

"எல்லாரும் பாக்கிற இடத்தில எழுதினா உங்களுக்கு மார்க் குறைஞ்சிடும் எண்டு பேசாம இருந்திட்டன்."

"நீங்க ஒருத்தராவது படிச்சீங்களே. நானும் அப்படித்தான், ஒரு வரி விடாமப் படிச்சிட்டுத்தான் பதில் போடுவேன். போன வாரம் உங்களுக்குக்கூடப் போட்டேனே."

"ஓம் அக்கா, பார்த்தனான்."

"ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."



"உங்களுக்கு நேரம் இருந்திருக்காது எண்டு விளங்கினது அக்கா," என்றாள் குமுதினி. குரலில் கோபமே இல்லை. "என்ர அம்மாவின்ர செத்தவீட்டுக்குப் போக ஏலாம, இங்கயிருந்து வீடியோவில பார்த்ததைத்தான் எழுதினனான். நீங்கள் அதுக்குக் கீழ, 'ரசிச்சுப் படிச்சேன், இதே மாதிரி இன்னும் நிறைய எழுதுங்க' எண்டு போட்டிருந்தீங்கள்."