மழையில் சீவிய கதவு

ஐப்பசி மழையில் ஊறிப் பெருத்த குளியலறைக் கதவு, மூடும்போதெல்லாம் சுவரில் பதித்த மர நிலையோடு உரசியது.

"என் மேலேயே விழுகிறாயே, தடியா!" என்று நிலை கத்தியது.

"மழை நிற்கட்டும் அண்ணே, வற்றிவிடுவேன்."

நிலை பொறுக்கவில்லை. ஆசாரி வந்ததும், "அவனைச் சீவுங்கள்" என்று கதவைக் காட்டிக்கொடுத்தது. இழைப்புளி ஓடியது. கதவின் ஓரம் சுருள் சுருளாக உதிர்ந்தது.

சித்திரையில் கதவு வற்றியது. தாழ்ப்பாள் நிலையிலிருந்த துளைக்கு எட்டவில்லை.

"இதைக் கழற்றிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் கதவு மாட்டிவிடலாம்" என்றார் வீட்டுக்காரர்.

கதவு மூச்சைப் பிடித்துக்கொண்டு நீளப் பார்த்தது. "இன்னும் கொஞ்சம் எட்ட முயல்கிறேன் அண்ணே. என்னால் உனக்கும் கெட்ட பெயர்."

நிலை கூசிப்போனது. இம்முறை தானே கதவின் பக்கம் நகர்ந்துவிடப் பார்த்தது. சுவர் விடவில்லை.