விளம்பரம் வராத கணினி

நாற்பத்தொரு மணி நேரமாக எமில்டாவின் கணினியில் ஒரு விளம்பரமும் வரவில்லை.

நகைக்கடையின் மினுங்கும் அட்டியல் இல்லை. மலிவு விமானச் சீட்டு இல்லை. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு சிரிக்கும் மருமகன் அருள்நாயகம்கூட இல்லை. அவன் வீடு விற்கும் முகவர். அந்தத் தமிழ்ச் செய்தித் தளத்தில் மாதக்கணக்காகத் தன் படத்தைப் போட்டுவருகிறவன்.

எல்லாவற்றையும் மறைத்ததும் அவன்தான்.

செவ்வாய் மத்தியானம் அலுவலகத்தில் தளத்தைத் திறந்தபோது, செய்திகளுக்கு வலது பக்கத்தில், தன் சிரிப்புக்கு நேர் கீழே அந்தப் புது விளம்பரத்தைக் கண்டான். இரண்டு முறை வாசித்தான்; கொடுத்தவர் பெயர் இல்லை. மாமி எமில்டாவின் கண்ணில் இது படக்கூடாது. மாமிக்குத் தெரிந்தால் அடுத்த நிமிடம் மனைவி யூஜினிக்கும் தெரிந்துவிடும். பிறகு எல்லாம் போச்சு.

புலம்பெயர்ந்து வந்த பிக்கரிங் நகரில் அவர்கள் இருந்த வீடு மாமியின் பெயரில் இருந்தது. போன மாதம்தான் அதை விற்றுவிட்டுப் பெரிதாக ஒன்று பார்க்கலாம் என்று பேச்செடுத்திருந்தான். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கீழே நிலவறையான பேஸ்மன்றில் மாமியும் கணினியும். மேல்மாடியில் பிள்ளைத்தாய்ச்சியான யூஜினி. படியிறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

ஊரில் போர் முடிந்துவிட்டதாக அறிவித்த கிழமை அது. மாமி காலையிலேயே நகர நடுவில், டவுண்ரவுணில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விட்டார். அவர் திரும்ப இருட்டிவிடும். அதற்குள் அருள்நாயகம் கணினி திருத்தும் சிநேகிதன் மின்ஹாஜைக் கூட்டிவந்தான்.

உலாவியில் சிறிய நீட்சி ஒன்றைச் சேர்த்தால் போதும், விளம்பரங்கள் மறைந்துவிடும் என்றான் மின்ஹாஜ். ஒன்றை மட்டும் மறைக்க முடியாதா என்று அருள்நாயகம் கேட்டான். அந்த ஒன்று போனாலும் நாளைக்கு வேறு இடத்தில் வேறு மாதிரி வரும், எல்லாவற்றையும் மறைப்பதுதான் பாதுகாப்பு, நீ காசு கட்டிப் போட்ட மூஞ்சியும் சேர்ந்துதான் போகும் என்றான் மின்ஹாஜ்.

“போகட்டும்.”

மறைக்குமுன் மின்ஹாஜ் அந்த விளம்பரத்தை வாசித்தான்.

“வயசான மனிசிக்கு இப்பிடிச் செய்யலாமா மச்சான்?”

“திங்கள் மட்டும்தான். அது முடிஞ்சா நானே சொல்லுவன்.”

வேறு ஒருவரும் சொல்லாமல் பார்த்துக்கொள்வதும் அவன் வேலையாயிற்று. யூஜினி நித்திரை கொள்ள வேண்டும் என்று சொல்லி வீட்டுத் தொலைபேசியின் மணியை நிறுத்திவைத்தான். விளம்பரத்தைப் பார்த்தவர்கள் அவனது கைப்பேசிக்கு எடுத்தார்கள். உண்மையோ என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. அவன் கார் விடும் கராஜுக்குள் நின்று, குரலைத் தாழ்த்தி, திங்கள் தாண்டட்டும், அதுவரை மாமியிடம் மூச்சுவிட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டான்.

மாமியைக் கணினியின் முன்னிருந்து எழுப்புவது நடக்கிற காரியமில்லை. போர் நடந்த வன்னிக்குள் நின்ற மகன் அகஸ்ரின் மாசி மாதத்துக்குப் பிறகு கதைக்கவில்லை. மாமி சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டே செய்தி வாசித்தார்.

புதன்கிழமை, பக்கமெல்லாம் ஏன் வெள்ளையாகக் கிடக்கிறது என்று கேட்டார். வைரஸ் வராமலிருக்க ஒன்று போட்டிருக்கிறேன் என்றான் அருள்நாயகம்.

“அது உங்கட படத்தையும் வைரஸ் எண்டு நினைச்சிட்டுது போல” என்றார் மாமி, சிரிக்காமல்.

பின்னேரம் மாமி யாருடனோ தொலைபேசியில் சண்டை பிடிக்கும் சத்தம் படியேறி வந்தது. ‘ஏமாத்து’ என்ற சொல் மட்டும் அருள்நாயகத்துக்கு விளங்கியது. அன்றிரவு அவனுக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

வியாழன் காலை பதினொரு மணிக்கு மாமி வெளிக்கிட்டு, கைப்பையோடு மேலே வந்தார்.

“தம்பி, என்னை ஒருக்காப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

அருள்நாயகம் ஏன் என்று கேட்டான்.

“ஆக்களை ஏமாத்திறதுக்கும் ஒரு அளவிருக்கு.”

அவன் கதிரையில் இருந்தான். இனி மறைத்துப் பயனில்லை.

“மாமி, திங்கள் மட்டும் பொறுத்திருந்தா நான்...”

மாமி அதைக் காதில் வாங்கவில்லை. செய்தித் தளக்காரர் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றார். அவரும் அங்கே ஒரு விளம்பரம் கொடுத்திருக்கிறார். ஒரு கிழமைக்குக் காசும் கட்டியாயிற்று. செவ்வாய் விடியவே வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்ப்பாட்டத்துக்குப் போனார். இரவு வந்து திறந்தால் இல்லை. இன்றைக்கும் இல்லை. எடுத்துக் கேட்டால், எங்கட கணினியில தெரியுது அன்ரி, உங்கட கணினியைப் பாருங்கோ என்று நாக்கூசாமல் சொல்கிறார்களாம்.

அருள்நாயகம் மாமியை நிமிர்ந்து பார்த்தான்.

“என்ன விளம்பரம் மாமி?”

மாமி மேல்மாடிப் படியைப் பார்த்தார். யூஜினியின் அறைக்கதவு சாத்தியிருந்தது. கிட்ட வந்து குனிந்தார்.

“அகஸ்ரின்ர மரண அறிவித்தல். திங்கள் யூஜினிக்குச் சிசேரியன் முடியுமட்டும் அவளுக்குத் தெரியக்கூடாதெண்டுதான் உங்களுக்கும் சொல்லேல்ல.”