தோளில் போட்ட மருந்து

பக்கவாதம் வந்ததிலிருந்து இவருடைய வலது கை அசைந்ததே இல்லை. இவரைக் கட்டிலில் திருப்பித் திருப்பி என் வலது தோளும் இறுகிவிட்டது. ஔந்த் பகுதியில் எங்கள் கட்டடத்தின் கீழேயே ஹர்ஷாவின் பிசியோதெரபி கிளினிக். என் தோளில் மருந்து ஜெல்லைப் பரப்பி, அல்ட்ராசவுண்ட் கருவியை வட்டவட்டமாக ஓட்டினாள்.

“சத்தமே கேக்கலையே?”

“நமக்குக் கேக்காது ஆண்ட்டி. அது தள்ளறதுல மருந்து ஸ்கின்னுக்கு உள்ளே போகும்.”

“எவ்வளவு தூரம்?”

“அரே, மும்பை வரைக்குமா போகும்? கொஞ்சம்தான்.”

முடிந்ததும் மிச்ச ஜெல்லைத் துடைக்கத் துண்டை எடுத்தாள். துடைக்க ஒன்றுமில்லை. தோள் காய்ந்திருந்தது.

“எப்பவும் மேலே நிறைய நிக்குமே!” என்றாள்.

வலி குறையவில்லை. லிஃப்டில் வீட்டுக்கு வந்தேன்.

“யாருடி அது, என் தோள்ல சில்லுனு தடவினது?” என்றார் இவர்.

“இங்கே யாரு இருக்கா? கனவு கண்டேளா?”

இவர் சட்டையை விலக்கினேன். வலது தோள் முழுக்க ஈர ஜெல், வட்டவட்டமாக. அதே கற்பூர வாசனை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கையின் சுண்டுவிரல் போர்வையை மெல்லச் சுரண்டியது.

மறுநாள் ஹர்ஷா கேட்டாள்.

“வலி எப்படி ஆண்ட்டி?”

“அப்படியேதான் இருக்கு.”

“அச்சா? அப்போ இது வேண்டாம். வேற ட்ரை பண்ணலாம்.”

“ஐயோ, இதையே போடும்மா!” என்று கையை முழுதாக நீட்டினேன். “தோளோட நிறுத்தாதே. விரல் நுனி வரைக்கும் ஓட்டு.”