கொழுந்தன் வீட்டுச் சோறு

"இன்னைக்கும் தம்பி வீட்லதான் சாப்பாடாக்கும்?"

ஒச்சம்மாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் புருஷன் அழகுபாண்டி செருப்பை மாட்டினான்.

மாதாமாதம் இதே கூத்துதான். கொழுந்தன் சோணைக்கு ஈரல் சுருங்கி, உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருக்கிறதாம். வெடித்தால் ஆள் காலி. மதுரைக்குப் போய், தொண்டை வழியாக டியூப் விட்டு, புடைத்த நாளத்தைக் கட்ட ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

'குடிச்சே ஈரலைத் தின்னுட்டான்' என்று தெரு முழுக்க ஒச்சம்மாளே சொல்லி வைத்திருந்தாள். குடித்தவன் படட்டும். துணைக்குப் போய்வருகிற இவன் ஏன் நாலைந்து நாள் அங்கேயே கை நனைக்க வேண்டும்?

"அவன் தனியாச் சாப்ட்டா மனசு விட்ருவான்" என்பான்.

கொழுந்தன் பொண்டாட்டி தாமரைச்செல்வியின் கைப்பக்குவம் அப்படியென்ன உசத்தி? நினைக்க நினைக்க ஒச்சம்மாளுக்கு வயிறு எரிந்தது.

நாட்டுக்கோழி அடித்து, மிளகு தூக்கலாக வறுத்து, சட்டியோடு அங்கேயே போய்விட்டாள்.

சோணை மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். உள்ளே, அழகுபாண்டிக்குத் தாமரை தயிர்ச்சோற்றைக் குழையப் பிசைந்து வைத்துக்கொண்டிருந்தாள். நோயாளி வாசலில் நிற்க, இவனுக்கு உபசாரம்! ஒச்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஆக்குனத நாலு துண்டு தின்னுங்க. இல்ல, இங்கனயே இருந்துக்கங்க!"

"அக்கா, வேணாம்க்கா!" தாமரை பதறினாள்.

"எம் புருசனுக்கு நான் குடுக்குறேன். நீ யாருடி வேணாங்கிறதுக்கு?"

அழகுபாண்டி தாமரையைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு, எலும்பும் கறியுமாக மென்று விழுங்கினான். ஒச்சம்மாளுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

பொழுது சாய்வதற்குள் அவன் குபுகுபுவென்று ரத்தவாந்தி எடுத்தான். சோணைதான் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, மதுரைக்குக் கொண்டுபோனான்.

ரத்தத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்த டாக்டர் சீறினார். "வளையம் போட்டு ரெண்டு நாள்தான் ஆகுது. குழைஞ்ச சோறு மட்டும்னு சொல்லியும் எலும்புக்கறி குடுத்தது யாரு? பிழைச்சதே பெருசு!"

ஒச்சம்மாள் விழித்தாள். "வளையம் சோணைக்குல்ல போட்டீங்க?"

சோணை தலைகுனிந்துகொண்டான்.

"அண்ணனுக்குத்தான் மதினி. குடிக்காமலே வந்துருச்சு. வெளிய தெரிஞ்சா குடிகாரன்னு பேராகி, உங்க மக திவ்யாவப் பொண்ணு கேட்டு வாரவுக திரும்பிப் போயிருவாகன்னு அண்ணன் பயந்துச்சு. எனக்கு எப்பயோ குடிச்சு வாங்குன கெட்ட பேரு இருக்குல்ல, இதையும் எம் பேர்லயே சொல்லிருண்ணேன்னு நாந்தான் சொன்னேன். நெனச்ச மாதிரியே ஊரே நம்பிருச்சு மதினி, நீங்க சொன்னதுனால."